பவுடரும் சம்பந்தி வண்டியும்

வண்டி வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் பவுடரின் ஷெட்டுக்கு வழி சொல்வார்கள். பெயரைக் கேட்டுவிட்டு, மடிப்புக் கலையாத சட்டையும் சென்ட் வாசனையுமாக ஓர் ஆளை எதிர்பார்த்து வருகிறவர்கள் ஏமாந்துதான் போவார்கள். ஆள் லாரியின் பின்சக்கரம் மாதிரி இருப்பார். கறுப்பு, கனம், கழுத்து என்று தனியாக ஒன்று கிடையாது. அவர் முகத்தில் பவுடர் பூசி, கல்யாண போட்டோவில்கூட யாரும் பார்த்ததில்லை. வாங்குகிற பவுடர் எல்லாம் இன்ஜினுக்குத்தான்.

ஆயில் போகிறது என்று ஒரு வண்டி வந்தால் மற்ற மெக்கானிக்குகள் கீழே குனிந்து பார்ப்பார்கள். சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலே எது இருக்கிறதோ அதன் மேல் பழியைப் போட்டுவிட்டுக் கழற்ற ஆரம்பித்துவிடுவார்கள். பவுடர் அப்படிச் செய்ய மாட்டார். முதலில் டீசலும் பிரஷுமாக இன்ஜினைக் குளிப்பாட்டுவார். துணியால் துடைத்து, காற்றடித்து, இண்டு இடுக்கெல்லாம் காய வைப்பார். பிறகு சட்டைப் பையிலிருந்து பவுடர் டப்பாவை எடுத்து உச்சியிலிருந்து அடிவரை தூவிவிட்டு, வண்டியை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வரச் சொல்வார். திரும்பி வரும்போது, ஆயில் எந்த இடத்தில் புறப்பட்டதோ அங்கிருந்து வெள்ளையில் கறுப்பாக ஒரு கோடு இறங்கியிருக்கும்.

"கண்ணுல மை போட்டவ அழுதா தெரியும் பாரு, அந்த மாதிரி. எங்க ஆரம்பிச்சு எங்க வழிஞ்சதுன்னு அதுவே சொல்லிடும்" என்பார்.

இதனால் அவர் வீட்டில் பவுடர் டப்பா தங்குவதே இல்லை. "கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து என் மூஞ்சிக்குப் போட்டதவிட ஊரான் இன்ஜினுக்குப் போட்டதுதான் ஜாஸ்தி" என்று அவர் மனைவி சொல்வாள். "அதுக்கு ஒழுகுது, போடறேன். உனக்கு எங்க ஒழுகுது சொல்லு" என்பார் இவர். அதற்கு மேல் அந்தப் பேச்சு வளராது.

பள்ளிக்கூடம் அவரை ஐந்தாவதோடு வெளியே விட்டுவிட்டது. அவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் வார்த்தை விஷயத்தில் மட்டும் வாத்தியாரைவிடக் கண்டிப்பு. யாராவது "அண்ணே, லீக்" என்று வந்து நின்றால் விட மாட்டார்.

"லீக்குன்னா என்ன? கசியுதா, சொட்டுதா, ஒழுகுதா?"

"ஏதோ ஒண்ணு, போகுதுண்ணே."

"ஏதோ ஒண்ணுன்னா ஏதோ ஒரு மெக்கானிக்கிட்ட போ. கசிஞ்சா ஒரு இடம், சொட்டினா ஒரு இடம். ஒழுகினா வண்டிய ஓட்டிட்டு வந்த உன்னத்தான் முதல்ல பிரிச்சுப் பாக்கணும். போய் நல்லாப் பாத்துட்டு வா."

இப்படிப் பேசியும் ஷெட்டில் வண்டி குறைந்ததில்லை. கை அப்படி.

இந்த வாய் ஓர் இடத்தில் மட்டும் அடங்கும். அது மகளைக் கட்டிக்கொடுத்த வீடு. அந்த வாசலை மிதித்துவிட்டால் ஆளே வேறு. பேச்செல்லாம் கிரீஸ் தடவியது போல வழுக்கிக்கொண்டு வரும். "ஆமாங்க", "சரிங்க", "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று அவர் பேசுவதைக் கேட்டால் ஷெட்டில் ஏச்சு வாங்கினவர்கள் நம்ப மாட்டார்கள்.

சம்பந்தியும் லேசுப்பட்டவர் இல்லை. மரியாதையில் இவருக்கு ஒரு படி மேல். ஒல்லியான, நெட்டையான மனிதர். சொந்த வேன் ஓட்டுகிறார். கட்டில், பீரோ, மேஜை எல்லாம் கடையிலிருந்து வீடுகளுக்குக் கொண்டு போய் இறக்குகிற வேலை. வியர்வை படக் கூடாது என்று சட்டைக் காலரில் கைக்குட்டையை மடித்து வைத்திருப்பார். கண்ணாடியில் ஒரு பூச்சி செத்து ஒட்டியிருந்தாலும் வண்டியை எடுக்க மாட்டார்.

அந்த வேன் ஒருமுறை புகை கக்கி உட்கார்ந்துவிட்டபோது பவுடர்தான் இன்ஜினை இறக்கினார். ரிங், பேரிங், ஆயில் வெளியே வராமல் அடைக்கிற சீல் எல்லாம் புதிது. ஷெட்டில் வேறு யாரையும் தொடவிடவில்லை. பூட்டி முடித்து, ஸ்டார்ட் செய்து, தையல் மிஷின் மாதிரி ஓடுகிற சத்தத்தை இருவரும் நின்று கேட்டார்கள். சாவியைக் கொடுக்கும்போது பவுடர் ஒன்றுதான் சொன்னார்.

"ஆயில மட்டும் கொஞ்சம் பாத்துக்குங்க சம்பந்தி."

சம்பந்தி கோர்ட்டு உத்தரவு கேட்டவர் போலத் தலையை ஆட்டி வாங்கிக்கொண்டார்.

அது ஆகி எத்தனையோ மாதம். ஒருநாள் மதியம் பவுடரின் மகள் போன் செய்தாள். குரல் குழாய்க்குள்ளிருந்து வருவது போல இருந்தது.

"எங்கேர்ந்து பேசுற?"

"பாத்ரூம்லேர்ந்து. மெதுவா பேசுங்கப்பா."

"நான் எதுக்கு மெதுவா பேசணும்? நீதான பாத்ரூம்ல இருக்க."

"அய்யோ, கேளுங்க. மாமா வண்டியில ஆயில் போகுது."

பவுடர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"போகுதுன்னா? கசியுதா, சொட்டு..."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. ராத்திரி வண்டிக்கு அடியில ஒரு தகரத் தட்டு வைக்கிறாரு. காலையில எடுத்து யாரும் பாக்காம பின்னாடி கொண்டு போயிடறாரு. ரொம்ப நாளா நடக்குது."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்வாரு? நீங்க பூட்டின இன்ஜின். சம்பந்தி மனசு நோகும்னு அத்தைகிட்ட பேசிட்டு இருந்தாரு. வேற ஒரு மெக்கானிக்குகிட்ட காட்டியிருக்காருப்பா. பின்பக்க சீல் போயிடுச்சு, மறுபடி இன்ஜின இறக்கணும்னு சொன்னாராம். உங்ககிட்டயும் கேக்க முடியாம, இன்னொருத்தர வச்சு இறக்கவும் மனசு வராம, வண்டியையே குடுத்துடறதுன்னு முடிவு பண்ணிட்டாரு. நாளைக்குச் சாயந்தரம் புரோக்கர் ஆள் கூட்டிட்டு வர்றாரு."

"குடுத்துட்டு என்ன பண்ணுவாராம்?"

"வயசாச்சு, வீட்டுல இருக்கேங்கிறாரு. அவருக்கு வீட்டுல இருக்கத் தெரியாதுப்பா. லீவு நாள்லயே சும்மா போய் ஸ்டியரிங்கப் புடிச்சுட்டு உக்காந்திருப்பாரு." கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. "வரேன் அத்தை! அப்பா, நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

அதன் பிறகு அன்றைக்கு ஷெட்டில் யாரும் பவுடரிடம் ஏச்சு வாங்கவில்லை. அதுவே எல்லோருக்கும் பயமாக இருந்தது. அவருக்கு உள்ளே குடைந்தது ஒன்றல்ல. தான் போட்ட சீல் போய்விட்டதா என்பது ஒன்று. தன் இன்ஜினுக்கு அடியில் இன்னொருவன் தலையை விட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கியிருக்கிறான் என்பது அதைவிடப் பெரிது. எல்லாவற்றுக்கும் மேலே, தன் மனசு நோகக் கூடாது என்று ஒரு மனிதர் தன் பிழைப்பையே விற்கப் போகிறார். அப்புறம் அந்த வீட்டில் எந்த முகத்தோடு போய் உட்காருவது? மகள் அங்கேதான் இருந்தாக வேண்டும்.

"நேரா சொல்லியிருந்தா நான் என்ன கடிச்சா வச்சிருப்பேன்?" என்று வீட்டில் வந்து மனைவியிடம் கேட்டார்.

"மத்தவங்கள கடிக்கிறீங்களே, அது அவங்க காதுக்கும் போயிருக்கும்ல" என்றாள் அவள். பிறகு தானாகவே உள்ளே போய், அன்றைக்குத்தான் வாங்கிய பவுடர் டப்பாவை எடுத்து வந்து டூல் பெட்டிக்குள் வைத்தாள்.

மறுநாள் காலை பவுடர் சம்பந்தி வீட்டு வாசலில் நின்றார்.

"வாங்க சம்பந்தி, வாங்க வாங்க! என்ன, சொல்லாம கொள்ளாம?"

"சும்மாதாங்க. இந்தப் பக்கம் ஒரு வேலை. அப்படியே எட்டிப் பாத்துட்டுப் போகலாம்னு." ஒரு கையில் டூல் பெட்டி, இன்னொரு கையில் டீசல் கேன், கக்கத்தில் துணி மூட்டை. "வண்டிக்கும் சர்வீஸ் நேரம் வந்திருக்கும்னு தோணுச்சு."

"வண்டிக்கென்ன, நீங்க பூட்டினது. நல்லா இருக்கு."

"நல்லா இருக்கறப்பவே ஒரு தடவ பாத்துட்டா மனசுக்குத் திருப்தி."

"அதுவும் சரிதான்."

இரண்டு பொய்களும் ஒன்றுக்கொன்று கும்பிடு போட்டு வழிவிட்டுக்கொண்டன. மகள் ஜன்னலுக்குப் பின்னால் நின்று, எதுவும் தெரியாதவள் போலத் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

வேன் முன்பெல்லாம் தெருவில்தான் நிற்கும். இப்போது வீட்டை ஒட்டின சந்தில், புதுத் தகரக் கூரைக்கு அடியில், மூக்கை உள்ளே விட்டுக்கொண்டு நின்றது. மழைத் தண்ணீர் தெருவுக்கு ஓட வேண்டும் என்று சந்துக்குச் சரிவாக சிமென்ட் பூசியிருந்தார்கள்.

"நீங்க கை வச்ச இன்ஜின வெயில்ல நிறுத்த மனசு வரல சம்பந்தி. அதான் கூரை போட்டேன்" என்றார் சம்பந்தி.

பவுடர் குனிந்து வண்டியின் அடியைப் பார்த்தார். சிமென்ட் தரை முழுக்கத் தூசி. நடுவில் மட்டும் ஒரு வட்டம், தட்டு வைத்து எடுத்த இடம், பளிச்சென்று இருந்தது.

டிரைவர் சீட்டைத் தூக்கினால் இன்ஜின் தெரியும். வழக்கம் போல முதலில் ஆயில் அளவு பார்க்கிற கம்பியை உருவினார். துடைத்து, விட்டு, மறுபடி உருவினார். மேல் கோட்டில் சரியாக நின்றது. ஒரு மயிரிழை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"அளவெல்லாம் கரெக்டா வச்சிருக்கேன்" என்றார் சம்பந்தி. அந்த ஒன்றைச் சொல்லும்போது மட்டும் குரலில் பெருமை.

போகிற ஆயிலுக்கு ஈடாக தினமும் ஊற்றி வைக்கிறார், பாவம் என்று பவுடர் நினைத்துக்கொண்டார்.

குளிப்பாட்டத் தொடங்குமுன் ஒரு நட்டைக் கழற்றிக் கீழே வைத்தார். அது வைத்த இடத்தில் நிற்காமல் உருண்டு, சந்தைத் தாண்டி, தெருவுக்கே போய்விட்டது. பவுடர் அதன் பின்னால் ஓடினார். அவர் ஓடுவதைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். டீ கொண்டு வந்த சம்பந்தியம்மா சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

"ஓடாதீங்கண்ணா, வேற நட்டு இல்லையா?"

"இருக்குதும்மா. இதுக்கு என் கை பழகிடுச்சு" என்று மூச்சு வாங்கினார். டம்ளரில் டீ விளிம்பைத் தொட்டுத் தளும்பியது. குடித்து வைத்த கையோடு இன்னொரு டம்ளர் வந்தது.

இன்ஜின் காய்ந்ததும் பவுடர் டப்பாவைத் திறந்தார். சந்து முழுக்க வாசனை.

"என்னண்ணா, பொண்ணுக்கு அலங்காரம் பண்ற மாதிரி?"

"எங்க அப்பா வந்தா உங்க டப்பாவ ஒளிச்சு வைங்க அத்தை" என்றாள் மகள் ஜன்னலிலிருந்து. "எங்க அம்மாவுக்கு நடந்தது உங்களுக்கும் நடக்கும்."

வண்டியை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வர இருவரும் ஏறினார்கள். சம்பந்தி ஓட்டினார். பவுடர் காதை இன்ஜினிலும் கண்ணை அவர் மேலும் வைத்திருந்தார். கியர் மாற்றும்போது தூங்குகிற குழந்தையைத் தோள் மாற்றுவது போல மாற்றினார். தெருவில் போகிறவர்கள் கை தூக்கினார்கள். சம்பந்தியும் இரண்டு விரலைத் தூக்கிப் பதில் சொன்னார். ஒரு மாடி வீட்டைக் காட்டி, "அந்த ஜன்னல் வழியாத்தான் ஒரு பீரோவ ஏத்தினோம். படிக்கட்டுல திரும்பல" என்றார். இன்னொரு வீட்டைக் காட்டி, "அங்க கட்டில் இறக்குனேன். இப்ப தொட்டில் கேட்டுருக்காங்க" என்றார். ஊரே அவருக்குக் கட்டில், பீரோ கணக்கில்தான் தெரிந்தது.

"ஓட்டி ஓட்டி அலுக்கலையா சம்பந்தி?" என்று மெல்லக் கொக்கி போட்டார் பவுடர்.

"அலுப்பா?" சம்பந்தி சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "எல்லாத்துக்கும் போதும்னு ஒருநாள் வரத்தான செய்யும்."

வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பினார்.

திரும்பி வந்து சந்தில் ஏற்றி நிறுத்தியதும் பவுடர் டார்ச்சை எடுத்துக்கொண்டு அடியில் புகுந்தார். பின்பக்க சீல் இருக்கிற இடத்தில் பவுடர் பூசினது பூசினபடி மாவு போல உலர்ந்திருந்தது. வெள்ளைக்கு மேலே ஒரே ஒரு கறுப்புக் கோடு மட்டும், மேலேயிருந்து வந்து, அந்த வளைவில் திரும்பி, கீழே சொட்டத் தயாராக நின்றது.

"சீல் இல்ல!" என்று அடியிலிருந்து கத்திவிட்டார்.

"என்னது சம்பந்தி?"

"ஒண்ணுமில்லைங்க, சீல் நல்லா இருக்குன்னேன்."

வெளியே வந்து கோட்டைப் பிடித்துக்கொண்டு மேலே போனார். இன்ஜினின் முதுகு வழியாக ஏறி, மூடியைத் தாண்டி, மூச்சுக்குழாய் வாயில் போய் முடிந்தது. பவுடரின் சந்தோஷம் அங்கேயே முடிந்தது.

இன்ஜினுக்கும் மூச்சு உண்டு. உள்ளே சேருகிற காற்று வெளியேற ஒரு குழாய் வைத்திருப்பார்கள். அதன் வழியாகக் காற்று வரலாம், ஆயில் வரக் கூடாது. வந்தால் பெரும்பாலும் ஒரே அர்த்தம்தான். பிஸ்டனைச் சுற்றியிருக்கிற ரிங் போய்விட்டது. வெடிக்கிற காற்று கீழே இறங்கி ஆயிலை மேலே தள்ளுகிறது. ரிங் அவர் கையால் போட்டது. சீல் போனால் மாற்றிவிடலாம். ரிங் போயிருந்தால் அன்றைக்குச் செய்த வேலையே வேலை இல்லை. சம்பந்தி வண்டியை விற்பதுதான் சரி.

வண்டியை ஓடவிட்டு, ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து, வாயில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். ரிங் போயிருந்தால் கையைத் தள்ளும், புகை குபுகுபுவென்று வரும். தள்ளவில்லை. புகையும் இல்லை. ரிங் நன்றாகத்தான் இருக்கிறது. பிறகு எதற்குக் கக்குகிறது?

"அண்ணா, கை கழுவுங்க. இலேசா ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் பாக்கலாம்" என்றார் சம்பந்தியம்மா.

அந்த வீட்டில் இலேசான ஒரு வாய் என்றால் என்னவென்று பவுடருக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? உட்கார்ந்தார். தட்டில் பாதி காலியாவதற்குள் கரண்டி வந்தது. "போதும்மா" என்றார். "என்ன போதும், உழைக்கிற உடம்பு" என்று விழுந்தது. கையைக் குறுக்கே நீட்டினார். கைக்கும் தட்டுக்கும் நடுவே இருந்த சந்தில் விழுந்தது. "சம்பந்தி ஒண்ணுமே சாப்பிடலையே" என்று எதிரிலிருந்து சம்பந்தி சொல்ல, அதற்கு ஒரு கரண்டி. மிச்சம் வைத்தால் அந்த அம்மா முகம் வாடிவிடும். பவுடர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே தள்ளினார். எழுந்திருக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார்.

"கொஞ்ச நேரம் படுங்க சம்பந்தி."

"வண்டிக்கு அடியிலதான படுக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். சாயந்தரம் புரோக்கர் வந்துவிடுவான் என்பது மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

வெளிச்சம் தெருப்பக்கமிருந்து வந்ததால், இந்த முறை தலையைத் தெருப்பக்கம் வைத்து, காலைச் சந்தின் உள்பக்கம் நீட்டிப் படுத்தார். இரண்டு நிமிஷம் ஆகியிருக்காது. சாப்பிட்டதெல்லாம் புறப்பட்டு நெஞ்சுக்கு வந்தது. அங்கிருந்து தொண்டைக்கு வந்தது. புளித்த ஏப்பம் ஒன்று கிளம்பி, அதன் கூடவே இன்னும் என்னவோ கிளம்பப் பார்த்தது. வாயைப் பொத்திக்கொண்டு புரண்டு வெளியே வந்து, திரும்பி, தலையை உள்பக்கம் வைத்துப் படுத்தார். எல்லாம் சத்தமில்லாமல் கீழே இறங்கி வயிற்றின் அடியில் போய் அடங்கியது. வயிறு அதே வயிறுதான். உள்ளே இருந்ததும் அதேதான்.

பவுடர் அப்படியே கிடந்தார். தெருவுக்கு உருண்டு ஓடின நட்டு நினைவுக்கு வந்தது.

"சம்பந்தி!" என்று கத்தினார். மரியாதை கொஞ்சம் குறைந்துதான் போயிற்று. "வண்டிய இறக்குங்க! தெருவுல, சமமான இடத்துல கொண்டு போய் நிறுத்துங்க!"

சம்பந்தி பதறிப்போய் இறக்கினார். இன்ஜினை நிறுத்தி, ஆயில் எல்லாம் கீழே இறங்கட்டும் என்று பவுடர் காத்திருந்தார். சம்பந்தி பக்கத்தில் நின்று கைக்குட்டையை எடுத்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். பவுடர் கம்பியை உருவித் துடைத்து, விட்டு, எடுத்துக் காட்டினார். மேல் கோடு எங்கே என்றே தெரியவில்லை. அதையும் மூழ்கடித்துக்கொண்டு ஒரு விரல் உயரத்துக்கு மேலே ஆயில் ஏறியிருந்தது.

"இது எப்படி? காலையில கரெக்டா இருந்துச்சே" என்றார் சம்பந்தி.

"சந்துல இருந்துச்சு. மூக்க மேல தூக்கிட்டு நிக்கிது வண்டி. ஆயில் எல்லாம் பின்னாடி ஒதுங்கிடுது. கம்பி இறங்குற இடம் முன்னாடி. அங்க குறைச்சலாத்தான் காட்டும்." பவுடர் ஒரு மூச்சு விட்டார். "நீங்க தினமும் ஆயில் பாக்குறீங்களா?"

"பாக்காம? சாவி குடுக்கறப்ப நீங்க என்ன சொன்னீங்க? ஆயில மட்டும் பாத்துக்குங்கன்னீங்க. ஒருநாள் தவறாம பாத்துக்கறேன்."

"எப்படிப் பாத்துக்கறீங்க?"

"காலையில கம்பிய எடுப்பேன். குறைஞ்சிருக்கும். கோடு வர்ற வரைக்கும் ஊத்துவேன்."

ஷெட்டாக இருந்தால், வேறு ஆளாக இருந்தால், இந்த இடத்தில் பவுடரின் வாயிலிருந்து வரக்கூடியதை எழுத முடியாது. அது நாக்கின் நுனிவரை வந்தது. மத்தியானச் சாப்பாட்டை விழுங்கினது போல அதையும் விழுங்கினார். ஆனால் சம்பந்தி முட்டாள் இல்லை. கம்பியைப் பார்த்தார், சந்தைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். முகம் சுருங்கிக்கொண்டே வந்தது.

"அப்போ... ஜாஸ்தியானதத்தான் தினமும் வெளிய தள்ளிட்டு இருந்துச்சா? அது தள்ளத் தள்ள நான் ஊத்திட்டு இருந்தேனா? நான்தான்..."

"இருங்க, இருங்க." பவுடர் அவர் கையைப் பிடித்தார். தன் கையெல்லாம் டீசல் என்பதையும் மறந்து பிடித்தார். "தப்பு வார்த்தையில. 'ஆயில் பாருங்க'ன்னு சொல்லியிருக்கணும். நான் 'பாத்துக்குங்க'ன்னேன். புள்ளைய ஒப்படைக்கிற மாதிரி. நீங்களும் வேளை தவறாம ஊட்டியிருக்கீங்க. கசியுதா சொட்டுதான்னு ஊர்ல உள்ளவன எல்லாம் வார்த்தைக்கு வார்த்தை மடக்குறவன் நான். என் வார்த்தைய நான் பாக்கல."

சம்பந்தி கைக்குட்டையைக் காலரில் திரும்பச் செருகிக்கொண்டார். பிறகு மெல்லச் சொன்னார். "பொண்ண விட்டுட்டுப் போறப்பவும் அதே வார்த்தையத்தான் சொன்னீங்க."

"ஆமா, அதான் நான் இப்படி ஊதிப் போயிட்டேன்" என்றாள் மகள் வாசலிலிருந்து. "போதும்னாலும் விடறதில்ல. எனக்கும் மூச்சுக்குழாய் வழியாத்தான் வரப் போகுது."

சம்பந்தியம்மா அவள் தலையில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினார். முதலில் சிரித்தது சம்பந்திதான். அந்த மனிதர் வாய்விட்டுச் சிரித்துப் பவுடர் பார்த்ததே இல்லை. காலரிலிருந்த கைக்குட்டை கீழே விழுகிற அளவுக்குச் சிரித்தார்.

பவுடர் வண்டிக்கு அடியில் தட்டை வைத்து, அதிகமாக இருந்த ஆயிலை இறக்கினார். தட்டு எங்கே என்று கேட்காமலே சம்பந்தி பின்பக்கம் போய் எடுத்து வந்து கொடுத்தார்.  இன்ஜினை மறுபடி துடைத்து, மறுபடி பவுடர் போட்டு, இன்னொரு சுற்று, இந்த முறை நீண்ட சுற்று, போய்விட்டு வந்தார்கள். மூச்சுக்குழாய் வாயில் வெள்ளை அப்படியே இருந்தது. அங்கே ஊதினால் பறந்தது.

அந்த நேரத்தில் சம்பந்தியின் போன் அடித்தது. பவுடர் டூல்களைத் துடைப்பது போலத் திரும்பிக்கொண்டார். காதைத் திருப்ப முடியுமா?

"ஆமாப்பா, நான்தான்... வேணாம், வர வேணாம். வண்டிய குடுக்கறதா இல்ல... என்னது? வயசா? யாருக்கு வயசு? உனக்கு யார் சொன்னது?... நானா சொன்னேன்? நான் சொல்லியிருந்தா அத வேற அர்த்தத்துல சொல்லியிருப்பேன். வை."

பவுடர் ஒரு ஸ்பேனரையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது விட மாட்டேன் என்றார்கள். பொழுது சாய்ந்துவிட்டது, சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார்கள். மத்தியானச் சாப்பாடு வேலையில் கரைந்து எங்கே போயிற்றென்று தெரியவில்லை. பவுடரும் உட்கார்ந்தார். சம்பந்தியம்மா முதல் கரண்டி போட்டார். பவுடர் பழக்க தோஷத்தில், "போதும்மா" என்றார்.

கரண்டி அந்தரத்தில் நின்றது.

"அண்ணா போதும்னுட்டாரு. அவர் சொன்னது சொன்னதுதான்" என்றார் சம்பந்தியம்மா மரியாதையாக.

"ஆமா, கோட்டுக்கு மேல போடாத" என்றார் சம்பந்தி அதைவிட மரியாதையாக. "கம்பிய விட்டுப் பாத்த மாதிரி கரெக்டா இருக்கு. இல்ல சம்பந்தி?"

பவுடர் தட்டைப் பார்த்தார். கரண்டி உள்ளே போவதைப் பார்த்தார். பாத்திரத்தின் மேல் மூடி விழுகிற சத்தத்தையும் கேட்டார்.

"கரெக்டா இருக்குங்க" என்றார். வேறென்ன சொல்வது? மகள் குனிந்துகொண்டு, தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து டூல் பெட்டியை வைத்ததும் மனைவி ஓடி வந்தாள்.

"என்ன ஆச்சு? எங்க ஒழுகுச்சு?"

"எங்கயும் ஒழுகல. நிரம்பி வழிஞ்சுது."

"வண்டிய குடுக்கலையே?"

"குடுக்கல."

அவள் பெருமூச்சு விட்டாள். டூல் பெட்டியைத் திறந்து டப்பாவை எடுத்து ஆட்டிப் பார்த்தாள். காலி.  பவுடர் அடுக்களைப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"சாப்பிட என்ன இருக்கு?"

"சம்பந்தி வீட்டுல சாப்பிடலையா? அந்த அம்மா விட்டிருக்க மாட்டாங்களே!"

"சாப்பிட்டேன். கோடு வரைக்கும்" என்றார் பவுடர். "நீ போடு. நான் போதும்னாலும் நிறுத்தாத."